பலகைக்கு முன் மணல்



"ஹஜ்ரத், கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், தோலை உரித்தாவது பிள்ளையை ஓத வையுங்கள்."

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மக்தபில் நாம் ஓதிக்கொடுத்து வந்தபோது, துறைமுகத்தில் சுமை தூக்கும் ஒரு தந்தை தம் நான்கு வயது மகனை இப்படிச் சொல்லித்தான் நம்மிடம் ஒப்படைத்தார். தமக்குக் கிட்டாத கல்வி மகனுக்காவது கிட்டட்டும் என்ற ஏக்கமே அவரை அவ்வாறு பேச வைத்தது. நாமோ அச்சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டோம். பையன் விரலில் பல்பத்தைத் திணித்தோம். கோடு கோணினால் அதட்டினோம். ஒருநாள் பிரம்பையும் எடுத்தோம். ஒரு மாதம் சென்றும் பலகையில் அலிப் வரவில்லை. மக்தப் வாசலைக் கண்டாலே அவன் அழத் தொடங்கினான்.

ஒருநாள் அஸருக்குச் சற்று முன் ஹவுளின் ஓரத்தில் அவனைக் கண்டோம். நனைந்த விரலால் காய்ந்த கல்லின் மீது நேராக ஒரு கோடு இழுத்து, "அலிப்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெயிலில் அது மறைந்ததும் மீண்டும் இழுத்தான். நாம் வெட்கித் தலைகுனிந்தோம். எழுத்து அவனுக்கு வந்திருந்தது. பல்பம் பிடிக்கும் வலுத்தான் விரலுக்கு இன்னும் வரவில்லை.

மார்க்கம் தந்த அவகாசம்

தீனின் தூணாகிய தொழுகையையே பிள்ளைகளுக்கு ஏழு வயதில் ஏவும்படிதான் பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அதற்கும் பத்து வயதுக்கு முன் அடிக்க இடமில்லை. தொழுகைக்கே இத்தனை அவகாசம் என்றால், நான்கு வயதுப் பிள்ளையை எழுத்துக்காக அடிக்க நமக்கு யார் உரிமை தந்தது? ஸஜ்தாவில் இருக்கும்போது பேரக்குழந்தை முதுகில் ஏறியதற்காக, அது இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டியவர்கள் நம் நபியவர்கள். பிள்ளையை விளையாட விடாமல் எந்நேரமும் படிப்பிலேயே வருத்தினால் அதன் உள்ளம் மரத்து, அறிவு மழுங்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எச்சரித்துள்ளார்கள்.

நம் ஊர் உலகுக்குத் தந்த பாடம்

விரலால் எழுதிப் பழகுவது புதிய நாகரிகமன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதையே தம் விடுதியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-இல் லண்டனில் இதைப்பற்றி அவர் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்தில் பரவியது.

1907-இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், எழுத்துக்களை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பழக வைத்தார். 1939-இல் அவர் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் ராயபுரம், எண்ணூர் மக்களுக்கு அந்த ரோம் நகரக் குடியிருப்பு அந்நியமானதன்று.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மணல் தட்டு: துறைமுகச் சுவர் எழுந்த பின் மணல் தெற்கே மெரினாவில் சேர்ந்தது, வடக்கே நம் கரையைக் கடல் அரித்துக் கற்களே மிஞ்சின. ஆகவே கட்டட வேலைக்கு விற்கும் மணலில் இரண்டு படி வாங்கி, சலித்து, கழுவி, காயவைத்துத் தட்டில் பரப்புங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய எண்ணூர் முகத்துவாரத்து மண் வேண்டாம். அரிசியையும் மாவையும் தரையில் சிந்தி வீண்விரயம் செய்யவும் வேண்டாம்.

2. உப்புத்தாள் எழுத்து: தச்சரிடம் மிஞ்சும் துண்டுகள் போதும். உள்ளங்கை அளவு எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். சுழி மிகுந்த 'அ'வில் தொடங்காமல், நேர்கோடுள்ள 'ட', 'ப' ஆகியவற்றில் தொடங்கி 'ம'வுக்கு வாருங்கள். எழுதும் திசையிலேயே விரல் செல்லட்டும்: தமிழுக்கு இடமிருந்து வலம், அரபிக்கு வலமிருந்து இடம்.

3. மூன்று படிகள்: முதலில் இரண்டு எழுத்துக்களைக் காட்டி, "இது ப, இது ட" என்று சொல்லுங்கள். பிறகு "ப எங்கே?" என்று கேளுங்கள். அதைச் சரியாகத் தொட்டுக் காட்டிய பின்னரே "இது என்ன?" என்று கேளுங்கள். தவறினால் கோபிக்காமல் முதல் படிக்குத் திரும்புங்கள்.

4. தோணியும் புள்ளியும்: ரொட்டி மாவில் தோணி ஒன்று செய்யுங்கள். காசிமேட்டுத் தோணிகளைப் பார்த்த பிள்ளைக்கு அது உடனே புரியும். கீழே ஒரு புளியங்கொட்டை வைத்தால் பே. மேலே இரண்டு வைத்தால் தே. மூன்று வைத்தால் ஸே. கொட்டையைப் பிள்ளை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாதபடி அருகிலேயே இருங்கள்.

இவையெல்லாம் ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் போதும். தந்தை வேலையில் இருந்தால் தாயோ அக்காவோ செய்யலாம். பிள்ளை எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். ஒன்றில் மட்டும் பேணுதல் தேவை: அல்லாஹ்வின் திருநாமத்தையும் ஆயத்துக்களையும் காலில் படக்கூடிய மணலில் எழுதக்கூடாது.

அந்தப் பையனுக்குப் பிறகு நாம் மணலில்தான் ஓதிக்கொடுத்தோம். பல்பம் அவன் கைக்குத் தானாக வந்தது, அழுகை நின்றது. முதல் வஹீயே ஓதும்படி ஏவி, எழுதுகோலைக் கொண்டு கற்பித்ததை எடுத்துரைத்தது. அத்தகைய எழுத்தைக் கண்டு ஒரு முஸ்லிம் பிள்ளை அஞ்சி ஓடுமானால், குற்றம் பிள்ளையுடையதன்று, நம்முடையது. பிரம்பை ஒதுக்கி மணல் தட்டை எடுக்க அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.