பேத்தியின் நடைவண்டிக்கு என்ன விலை?

அக்கரப்பத்தனையில் எமது கடைக்கு ஆணியும் பெயின்டும் வாங்க வரும் வயதான பாஸ் ஒருவர், தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்திக்கு நடைவண்டியும் சின்ன நாற்காலியும் செய்து கொடுத்தார். கண்டவர்கள் தமக்கும் கேட்டனர். விலையை விசாரித்தேன்.

"பலகைக் காசும் பெயின்ட் காசும் போதும் முதலாளி. பிள்ளைங்க சாமானுக்குக் கூலியும் வாங்கவா?" என்றார்.

சொந்தப் பேத்திக்கு என்றால் சரி. ஊர்ப்பிள்ளைகளுக்கும் இப்படியே செய்தால் ஐந்தாவது வண்டியோடு கை ஓய்ந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். பலகை, ஆணி, பெயின்ட் 900 ரூபா. அரைநாள் கூலி 1500. வெடித்து வீணாவதற்குப் பத்து வீதம், 240. அடக்கம் 2640 ரூபா. நகரத்துக் கடைக்காரர் விற்பனை விலையில் 25 வீதம் கழிவு கேட்கிறார். நம்மவர் அடக்கத்தோடு 25 வீதம் கூட்டி 3300 என்று விலை போடுவார். கடைக்காரர் 825 கழித்துக் கையில் தருவது 2475. வண்டிக்கு 165 ரூபா நட்டம்! அடக்கத்தை 0.75 ஆல் வகுக்க வேண்டும். 3520 வரும். அதுவும் முதல் மட்டுமே. இலாபம் அதற்கு மேல்தான். பழைய வியாபாரிகளே இதில் தவறுவதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது மரம். முன்பொருமுறை நானே அவசரப்பட்டு, ஈரம் காயாத சவுக்குப் பலகையில் சின்ன நாற்காலிகள் செய்வித்துக் கொழும்புக்கு அனுப்பினேன். அங்குள்ள சூட்டில் மரம் சுருங்கிப் பொருத்துகள் ஆடின. பாதி திரும்பி வந்தது. பிழை என்னுடையதே. எமது பக்கத்து மழைக்கும் பனிக்கும் பலகை இலேசில் காயாது. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலத்தை விடக்கூடாது. இடையிடையே குச்சி வைத்து, காற்றோட்டமாக, கூரையின் கீழ் அடுக்க வேண்டும். ஒரு துண்டை வாராவாரம் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் மலைநாட்டுக் காற்றுக்குக் காய்ந்தது என்று அர்த்தம். வெப்பமான ஊருக்கு அனுப்புவதென்றால் இன்னும் உலர்த்த வேண்டும்.

பெங்களூர் - மைசூர் வீதியிலுள்ள சன்னபட்டணத்தைப் பாருங்கள். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்துத் தொடங்கிய தொழில் என்பார்கள். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பிடிக்கும். பிறகு தாழை மடலால் மினுக்குவார்கள். சீனத்துப் பிளாஸ்டிக் சாமான் வந்து அவர்களையும் நெருக்கியது. 2007இல் மெட்டல் கம்பனி, ஈயம் கலந்த பெயின்ட் காரணமாகச் சீனாவில் செய்த இலட்சக்கணக்கான பொம்மைகளை மீளப்பெற்றது. 2020இல் இந்தியா பொம்மை இறக்குமதித் தீர்வையை 20 வீதத்திலிருந்து 60 ஆக்கியது. குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை என்பதே சன்னபட்டணத்தாரின் பெரிய விளம்பரம். பெயின்ட் விற்பவன் சொல்கிறேன், பிள்ளைகளின் சாமானுக்கு மலிவுப் பெயின்ட் கேட்டு வராதீர்கள். ஈயம் கலக்காதது என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பாஸ் கூலியைச் சேர்க்கச் சம்மதித்துவிட்டார், அரை மனதோடு. அவருடைய பலகைத் துண்டொன்று சனிக்கிழமை தோறும் எமது கடைத் தராசில் ஏறுகிறது. எடை இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.