வலி காட்டாத நோய்

மனித உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்தோர்க்கு அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். அளவு கடந்து உண்ணும் மாவும் சர்க்கரையும் கொழுப்பாக மாறி அங்கே தங்குகின்றன. கல்லீரலில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்புச் சேர்ந்தால் அதனைக் கொழுப்புக் கல்லீரல் என்பர். மதுவைத் தொடாதவரையும் இந்நோய் பற்றும். மெலிந்த உடலினரையும் விடாது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிடப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்நோய் இருந்தது. வலி இல்லாமையால் பலர் இதனை அறிவதே இல்லை. வேறொன்றுக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரிய வருகிறது. கவனியாது விட்டால் சிலருக்குக் கல்லீரல் நாளடைவில் தழும்பேறிச் சுருங்கிவிடும்.

தொடக்க நிலையில் இதனை மாற்றிவிடலாம் என்பது ஆறுதலான செய்தி. எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் நான்கு கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்புக் குறையத் தொடங்கும். ஆறு முதல் எட்டுக் கிலோ வரை குறைந்தால் வீக்கமும் தணியும். ஆயினும் பட்டினி கிடந்து விரைவாக இளைப்பது கேடு தரும். சாலைக் கடைத்தெருவில் மணக்கும் நேந்திரங்காய் வறுவலையும் மாலைத் தேநீரோடு வரும் பழம்பொரியையும் அடிக்கடி உண்ணாதிருத்தல் வேண்டும். இனிப்புக் குளிர்பானங்களை அறவே விடுவது நன்று. சோற்றைக் குறைத்து, அவியலையும் தோரனையும் மீனையும் கூட்டிக்கொள்ளலாம். வாரத்திற்கு நூற்றைம்பது நிமிட விரைவு நடையும் தேவை.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது தமிழர் வழக்கம். மலையாளிகள் அதனைக் கீழார்நெல்லி என்பர். நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் 1988ஆம் ஆண்டில், ஒருவகைக் கல்லீரல் நோய்க் கிருமிக்கு அது பயன் தருவதாக எழுதினர். பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. கொழுப்புக் கல்லீரலோ வேறு நோய். சில மூலிகைகள் கல்லீரலையே புண்படுத்துவதும் உண்டு. ஆதலால் எதனை உண்பதாயினும் மருத்துவரிடம் கூறிவிட்டே உண்ணல் வேண்டும்.

சொற்பொருள்: அறவே – முழுவதும், தணியும் – குறையும்.

பயிற்சி
1. கொழுப்புக் கல்லீரலைப் பலர் அறியாதிருப்பது ஏன்?
2. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சமைத்த உணவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எண்ணெயில் பொரித்தவற்றை அடிக்கோடிடுக.