பழைய காருக்குப் புதிய பெட்ரோல் பம்ப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பாசடர், பத்மினி, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருப்பவர்கள் கோடை வந்துவிட்டால் அதிகம் பேசுவது பெட்ரோல் பம்பைப் பற்றித்தான். சிக்னலில் நின்ற வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை, மேட்டில் இழுக்கவில்லை என்றால் போதும். "பழைய ஏசி பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டுங்கள், பெரிதாகவே வாங்குங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள் (ஏசி பம்ப் என்பது எஞ்சினோடு சேர்ந்து ஓடும் பழைய மெக்கானிக்கல் பம்ப்). மாற்றுவதில் தவறில்லை, சில வண்டிகளுக்கு நல்லதும்கூட. ஆனால் இந்த வேலையைச் சுற்றிப் புழங்கும் நம்பிக்கைகளில் சில பணத்தை வீணாக்கும், சில வண்டியையே எரித்துவிடும்.

'பெரிய பம்ப் போட்டால் இழுவை கூடும்' என்பதுதான் அதிகம் காதில் விழுவது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பத்மினியின் 1089 சி.சி. எஞ்சின் தருவது சுமார் 40 குதிரைத்திறன். முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 300 கிராம் பெட்ரோல் செலவாகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 கிலோ. லிட்டரில் சுமார் 16. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் அவ்வளவும் தீரும். கடையில் கிடைக்கும் சிறிய எலெக்ட்ரிக் பம்பே மணிக்கு 80, 100 லிட்டர் தள்ளக்கூடியது. அதைவிடப் பெரியதை வாங்கி என்ன செய்ய? எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் கார்புரேட்டரின் ஜெட் முடிவு செய்கிறது. பம்பின் வேலை ஃபுளோட் அறையைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அந்த அறை நிரம்பியிருந்தும் மேட்டில் வண்டி திணறினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அளவை விட்டு அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 'புது வண்டியின் எம்.பி.எஃப்.ஐ. பம்ப் நல்ல தரம், அதையே போட்டுவிடலாம்' என்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் சுமார் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வேலை செய்யும். கார்புரேட்டருக்குத் தேவை 2 முதல் 4 பி.எஸ்.ஐ. கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். பென்சில் முனை போன்ற ஒரு சிறு நீடில் வால்வு. அதைத் தாங்கிப் பிடித்திருப்பது பெட்ரோலில் மிதக்கும் எடை குறைந்த ஒரு ஃபுளோட். வரும் பெட்ரோலை அடைத்து நிறுத்த இருப்பது அந்த மிதப்பின் பலம் மட்டும்தான். பத்து மடங்கு அழுத்தம் வந்தால் நீடில் மூடாது. பெட்ரோல் வழிந்து கார்புரேட்டரின் தொண்டை வழியாக உள்ளே இறங்கும், வெளியே சூடான மேனிஃபோல்டு மேலும் சொட்டும். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயில் தொட்டிக்கே போய்ச் சேரும். ரெகுலேட்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அவ்வளவு அழுத்தத்தை ஒழுங்காகக் குறைக்க மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போக ஒரு ரிட்டர்ன் லைன் வேண்டும். பல பழைய வண்டிகளில் அது கிடையாது. கார்புரேட்டருக்கென்றே செய்த குறைந்த அழுத்தப் பம்பைக் கேட்டு வாங்குங்கள். அழுத்தம் எவ்வளவு என்று எழுதாத பம்பைத் தொடவே வேண்டாம்.

வெயிலில் வண்டி நின்றால் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் அவசரம். பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி, கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருப்போம். அந்த வைத்தியம் பலிக்கிறது என்றாலே பம்புக்குள் பெட்ரோலை இழுக்கும் டயாப்ரம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட, ஆவியைப் பம்பால் இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான். சைலன்சர் பைப்பை ஒட்டிப் போகும் பெட்ரோல் லைனைத் தள்ளிக் கட்டுவதும், ஒரு தகட்டை மறைப்பாக வைப்பதும் பல வண்டிகளில் போதும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அகப்பட்டது.

பம்ப் உண்மையிலேயே போயிருப்பதற்கு வேறு அடையாளம் உண்டு. டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் டயாப்ரம் கிழிந்து பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கலாம். ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. டயாப்ரம் கிட் போட்டால் ஏசி பம்ப் மறுபடி வருடக்கணக்கில் உழைக்கும். ஸ்டாக் எஞ்சினுக்கு என்னுடைய முதல் சிபாரிசு அதுதான். இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தாங்கும் டயாப்ரமா என்று கேட்டு வாங்க வேண்டும். ஹோஸும் அப்படியே. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

எலெக்ட்ரிக் பம்ப்தான் என்று முடிவானால், கை எட்டும் இடம் என்று பானெட்டுக்குள் மாட்டாதீர்கள். இந்தப் பம்புகளுக்குத் தள்ளத் தெரியும், இழுக்க வராது. டேங்கின் பக்கத்தில், முடிந்தவரை தாழ்வாக, சைலன்சரிலிருந்து விலகி இருக்க வேண்டும். பம்புக்கு முன்னால் வலை ஃபில்டர், பின்னால் பேப்பர் ஃபில்டர். கழற்றிய ஏசி பம்பின் இடத்தில் தகடும் பேக்கிங்கும் வைத்து மூடாவிட்டால் ஆயில் ஒழுகும்.

கடைசியாக, 'இக்னிஷன் வயரிலிருந்து ஒரு வயர் இழுத்தால் முடிந்தது' என்ற நம்பிக்கை. எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். ஏசி பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் அப்படியல்ல. வண்டி மோதி, லைன் அறுந்து, ஓட்டுபவர் மயங்கிக் கிடந்தாலும், சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோலைத் தெருவில் கொட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தனி வயர், எஞ்சின் சுற்றும்போது மட்டும் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே, மோதலில் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச், பெயின்ட்டைச் சுரண்டி முடுக்கிய நல்ல எர்த், இவை நான்கும் பம்போடு சேர்ந்த செலவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பணம் இல்லையென்றால் பம்பையும் வாங்க வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பை விட்டு வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு, டேங்க் பக்கம் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். பம்ப் சத்தம் கேட்டாலும் சில நொடிகளில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், மெக்கானிக் எவ்வளவு தெரிந்தவரானாலும் சரி, ரிலேயைச் சரி செய்து தரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.