மழை மாலையில் முதற் சீலம்

பெங்களூர் நகரின் நடுவே, 1870ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கப்பன் பூங்கா உள்ளது. 1927இல் அதற்குச் சாமராஜேந்திரர் பெயர் சூட்டப்பட்டது. எனினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. சித்திரைத் திங்களில் அந்நகரில் சில மாலைகளில் திடீரென மழை பொழியும். மாங்காய் கனியும் பருவத்து மழையாதலின் இதனை மாஞ்சாரல் என்பர்.

அத்தகைய மாலையொன்றில், மழை தணிந்து தூறல் மட்டும் எஞ்சியிருந்தபோது, நாமும் நண்பர் சிலரும் அப்பூங்காவில் உலாவினோம். தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளை மடித்துக்கொண்டு நின்றன. பாதையில் மண்புழுக்கள் நெளிந்தன. நத்தைகளும் மரவட்டைகளும் ஊர்ந்தன. அவற்றுட் பல, முன்னே சென்றோரின் காலடியில் நசுங்கிக் கிடந்தன. அண்மையில் திரிசரணம் ஏற்ற இளைஞர் ஒருவர் நடையை நிறுத்தி, "ஐயா, உயிர்க்கொலை செய்யேன் என்று காலைதோறும் சொல்கிறோம். மாலையில் இப்படி மிதித்துக்கொண்டு நடக்கிறோமே! நம் சீலம் என்னாவது?" என்று வினவினார்.

இவ்வினா பழமையானது. தம்மபதத்தின் முதற் பாட்டுக்கு உரையாசிரியர் கூறும் வரலாறே இதற்கு விடையாகும். சக்குபாலர் என்னும் தேரர் கண்ணொளி இழந்தவர், அருகதர். ஜேதவனத்தில் அவர் தங்கியிருந்தபோது ஓரிரவு மழை பெய்தது. மண்ணிலிருந்து எழுந்த இந்திரகோபப் பூச்சிகள் பல, அவர் உலாவிய தடத்தில் மிதிபட்டு மாண்டன. அதனைக் கண்ட பிக்குகள் புத்த பகவானிடம் முறையிட்டனர். அவர் மிதித்ததை நீங்கள் காணாதது போலவே, அப்பூச்சிகளை அவரும் காணவில்லை. கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை என்று பகவான் விளக்கினார்.

உயிர்க்கொலைக்கு ஐந்து அங்கங்கள் கூறப்படும்: உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் உயிர் போதல். இவ்வைந்தும் கூடினாலன்றிச் சீலம் முறிவதில்லை. ஆதலின் அவ்விளைஞர் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆயினும் இத்துடன் நிறைவடைதல் தகுமோ? தேரருக்குக் கண் இல்லை, நமக்கு உண்டு. எண்ணம் இல்லையென்பது குற்றத்தை நீக்கும், கவனமின்மையை அறமாக்காது. மழைக்காலத்தும் பிக்குகள் ஊர் ஊராய்ச் சென்று பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என மக்கள் குறைகூறியபோது, "எண்ணமின்றி நிகழ்ந்தது" எனப் பகவான் தள்ளிவிடவில்லை. கார்காலத்து மூன்று திங்கள் ஓரிடத்தே தங்குமாறு விதித்தார். இதனை விநயபிடகத்து மகாவக்கத்திற் காணலாம்.

இங்கே நாம் ஒன்று நினைக்க வேண்டும். அப்பூங்காவில் எவரும் நடக்கலாம். யார் எவர் என்று கேட்பாரில்லை. ஆனால் 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்கே அறப்போர் நிகழ்த்த வேண்டியிருந்தது. பாதை மறுக்கப்பட்டோரின் வழிவந்த நாம், பாதையில் கிடக்கும் எளிய உயிரைக் காணாது செல்லலாமா? மிதிபட்டோர்க்கன்றோ மிதியின் வலி தெரியும்!

அன்பர்களே! செல்லும்போதும் மீளும்போதும் தெளிந்த அறிவோடு இருக்குமாறு சதிபட்டான சூத்திரம் பணிக்கிறது. மழை ஓய்ந்த மாலையில் அதனைப் பயிலுங்கள். விரைவைக் குறையுங்கள், அடி வைக்குமுன் தரையை நோக்குங்கள். வழியில் கிடக்கும் புழுவை ஓர் இலையில் ஏந்தி ஈரமண்ணில் விடுங்கள். தோலால் மூச்சுவிடும் அவ்வுயிர் உலர்ந்தால் மடியும். அன்று அவ்விளைஞர் அவ்வாறே செய்தார். வாயிலை அடைய நெடுநேரம் ஆயிற்று. ஆயினும் முதற் சீலத்தின் பொருளை அன்றுதான் நாமும் நன்குணர்ந்தோம்.