வேலைக் கடிதமும் சம்பளப் பேச்சும்

வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தால் வீடு முழுவதும் மகிழ்ச்சி பரவுகிறது. ஆனால் அக்கடிதத்தில் கண்ட சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசலாமா என்று பிள்ளை கேட்டால், அதே வீடு மௌனமாகிவிடுகிறது. "கிடைத்ததே பெரிது, வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ளாதே" என்று அத்தா சொல்கிறார். பிள்ளையும் கையெழுத்திட்டுவிடுகிறார். ஆறு மாதம் சென்றபின், பக்கத்தில் அமர்ந்து அதே வேலையைச் செய்பவர் இருநூறு வெள்ளி கூடுதலாகப் பெறுவது தெரியவருகிறது. அப்பொழுது மனம் கசந்து என்ன பயன்? கடிதம் கைக்கு வந்த நாளுக்கும் கையெழுத்திடும் நாளுக்கும் இடையே உள்ள சில நாட்களே பேசுவதற்கு உரிய காலம். அந்தச் சில நாட்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதே நாம் இங்கே எடுத்துக்கொண்ட பாடம்.

நமக்கு ஏன் இந்தக் கூச்சம்?

இக்கூச்சத்திற்குக் காரணம் உண்டு. பேராக்கிலும், பெர்னாம் ஆற்றுக்கு அப்பால் சிலாங்கூரிலும் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களிடம், உனக்கு என்ன கூலி வேண்டும் என்று யாரும் தனித்தனியே கேட்டதில்லை. கூலி வேறோரிடத்தில் முடிவாகும். கங்காணி வந்து சொல்வார். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பின்னர் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்து, பி. பி. நாராயணன் அவர்கள் காரியதரிசியாக இருந்து முதலாளிமார் சங்கத்துடன் மேஜையில் அமர்ந்து கூலி பேசும் நிலை உண்டாயிற்று. அதுவும் கூட்டமாகப் பேசிய பேச்சேயன்றி, ஒருவர் தமக்காகத் தனியே பேசியதன்று.

நம் சமூகத்தாரின் கடைகளில் நிலைமை வேறு விதமாக இருந்தது. ஊரிலிருந்து உறவினர் பையனைச் சஃபருக்கு அழைத்து வருவார்கள். உணவும் இடமும் கடையிலேயே. கணக்கு, ஊர் திரும்பும்போது. அதுவரை சம்பளம் எவ்வளவு என்று கேட்பது முதலாளியை நம்பாததற்கு அடையாளமாகக் கருதப்பட்டது. நல்ல முதலாளிமார் கண்ணியமாகவே கொடுத்தார்கள். ஆயினும் பேசாமல் இருப்பதே மரியாதை என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் இன்றும் தங்கிவிட்டது.

மார்க்கம் காட்டும் வழி

மரியாதைக்கும் மௌனத்திற்கும் சம்பந்தமில்லை. ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினால் வேலையும் கூலியும் முன்னரே தெளிவாயிருக்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் விதி. திருக்குர்ஆனில் அல்-கஸஸ் அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்த வரலாற்றைக் காண்கிறோம். பெரியவரின் மகள், இவரை அமர்த்தலாம் என்று யோசனை கூறும்போது இரண்டு தகுதிகளைச் சொல்கிறார்: ஒன்று வலிமை, மற்றொன்று நாணயம். பிறகு பெரியவர் நிபந்தனையைச் சொல்கிறார்: எட்டு ஆண்டு வேலை கடமை, பத்தாக்கினால் அது அவருடைய நல்லெண்ணம். தாம் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்றும் கூறுகிறார். மூஸா நபி அவர்களோ, இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் அதற்கு மேல் தம்மை நிர்ப்பந்திக்கலாகாது என்பதை அங்கேயே உறுதி செய்துகொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள். கடமை எது, விருப்பம் எது என்பது முதல் நாளிலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. அதனால் இருவருடைய மரியாதையும் குறையவில்லை.

எந்த வேலையில் எதைப் பேசலாம்?

தஞ்சோங் மாலிமில் நம் பிள்ளைகளுக்கு வரும் வேலைகள் பலவகை. 1922-இல் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாயிற்று. நம் மாவட்டத்தின் முஅல்லிம் என்ற பெயரே ஆசிரியர் எனப் பொருள்படும் அரபுச் சொல். அங்கே படித்து அரசாங்க ஆசிரியர் உத்தியோகம் பெறுவோர், 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பொதுச் சேவை ஊதிய முறைப்படி சம்பளம் பெறுகின்றனர். அதில் பேரத்திற்கு இடமில்லை. தம் சான்றிதழ்கள் யாவும் சேர்த்துக் கணக்கிடப்பட்டனவா என்று சரிபார்ப்பதே அவர்கள் செய்ய வேண்டியது.

2003 முதல் இங்கே இயங்கிவரும் புரோட்டோன் கார்த் தொழிற்சாலையைப் போன்ற பெரிய ஆலைகளிலும், அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஆலைகளிலும் சில வேலைகளுக்குப் படித்தரம் இருக்கும். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடத்தில் தொகையைவிட, எந்தப் படியில் நம்மை வைத்திருக்கிறார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி. தனியார் அலுவலகங்களில் சம்பளத்தையே பேசலாம். கடைகளிலும் உணவகங்களிலும் பேசியே ஆக வேண்டும்.

பேரத்திற்கு அப்பாற்பட்டவை

சட்டம் கொடுத்துள்ளதைச் சலுகையாக எண்ணி நன்றி சொல்ல வேண்டுவதில்லை. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து எல்லா முதலாளிகளுக்கும் 1,700 வெள்ளி என்றாயிற்று. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் வாரத்திற்கு 45 மணி நேரமே வேலை என்றாயிற்று. அச்சட்டப்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஊதியக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும், 14 நாள் நோய் விடுப்பும் குறைந்த அளவு. பிரசவ விடுப்பு 98 நாள். ஒரு கடிதம் இவற்றுக்குக் கீழே போனால், அதைச் சம்பளப் பேச்சு என்று கருதலாகாது. தொழிலாளர் இலாகாவில் விசாரிக்க வேண்டிய விஷயம் அது.

இரண்டு கடிதங்களின் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணமாக, ஒரு பிள்ளைக்கு இரண்டு கடிதங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 2,800 வெள்ளி. வேறு படி இல்லை. இரண்டாவதில் அடிப்படைச் சம்பளம் 2,300 வெள்ளி, பயணப்படி 600 வெள்ளி, ஆக 2,900 வெள்ளி. எது பெரிது?

இரண்டாவது என்றே பலரும் சொல்வார்கள். ஊழியர் சேமநிதியைப் பாருங்கள். 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோருக்கு முதலாளி செலுத்துவது நூற்றுக்கு 13; ஊழியர் பங்கு 11. பயணப்படி அந்தக் கணக்கில் சேராது. ஆகவே முதலாவது வேலையில் முதலாளியின் பங்கு 364 வெள்ளி. இரண்டாவதில் 299 வெள்ளி. சம்பளத்தோடு கூட்டினால் 3,164-ம் 3,199-ம் ஆகின்றன. நூறு வெள்ளியாகத் தெரிந்த வித்தியாசம் முப்பத்தைந்தாகிவிட்டது.

அடுத்தது கூடுதல் நேர வேலை. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரருக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை 26 நாளாலும், பின்பு 8 மணியாலும் வகுத்தால் ஒரு மணிக்கூலி கிடைக்கும். இங்கும் பயணப்படி சேராது. முதல் வேலையில் ஒன்றரை மடங்கு 20 வெள்ளி 19 காசு. இரண்டாவதில் 16 வெள்ளி 59 காசு. மாதம் இருபது மணி நேரம் கூடுதலாக உழைத்தால் முதல் வேலையில் 72 வெள்ளி அதிகம். அடிப்படைச் சம்பளத்தில் ஒரு மாத போனஸ் கொடுத்தால் அதில் 500 வெள்ளி அதிகம். நூற்றுக்கு ஐந்து சம்பள உயர்வு வந்தால் முதலாவதில் 140 வெள்ளி, இரண்டாவதில் 115 வெள்ளி. பெரிதாகத் தெரிந்த கடிதம் சிறிதாகிவிட்டது பாருங்கள்! ஆகவே பேசும்போது முதலில் அடிப்படைச் சம்பளத்தைப் பேச வேண்டும்.

வேலை எங்கே என்பதும் கணக்கில் வர வேண்டும். கோலாலம்பூர் இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர். அங்கே அறை எடுத்துத் தங்கினால் வாடகை. நாள்தோறும் ரயிலில் போய் வந்தால் கட்டணமும் நேரமும். வெளியே சாப்பிடும் செலவையும் சேர்த்து எழுதிக் கழித்துப் பார்த்தால், ஊரிலேயே கிடைக்கும் குறைந்த சம்பளம் சிலருக்கு மேலானதாக இருக்கும்.

கேட்கும் முறை

முதலாவது, கடிதம் வந்தவுடன் நன்றி சொல்லி, முடிவு சொல்ல இரண்டு மூன்று நாள் தவணை கேட்க வேண்டும். அதே நாளில் கையெழுத்துக் கேட்பவர்களும் உண்டு. அப்போதும் ஓரிரவு அவகாசம் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, அதே வேலைக்கு மற்ற நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்று விளம்பரங்களிலும், அத்தொழிலில் இருப்போரிடமும் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே தொகையை, ஒரே தடவை, காரணத்துடன் எழுத்தில் கேட்க வேண்டும். இப்படி எழுதலாம்: "தங்கள் கடிதத்திற்கு மிக்க நன்றி. இவ்வேலையை ஏற்க விரும்புகிறேன். இதே வேலையில் எனக்கு இரண்டு ஆண்டு அனுபவம் இருப்பதாலும், தாங்கள் கேட்ட இயந்திரப் பயிற்சிச் சான்றிதழ் என்னிடம் இருப்பதாலும், அடிப்படைச் சம்பளத்தை 3,000 வெள்ளியாக்க இயலுமா என்று பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை.

காரணம் நம் தகுதியைப் பற்றியதாக இருக்க வேண்டும். தங்கையின் கலியாணம், வீட்டு வாடகை, அத்தாவின் மருந்துச் செலவு ஆகிய யாவும் உண்மையான பாரங்களே. ஆனால் முதலாளி விலை கொடுப்பது நம் உழைப்புக்கு; நம் கஷ்டத்திற்கு அன்று. கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டால் கிடைப்பது இரக்கமாகத்தான் இருக்கும்.

நான்காவது, தொகை உயரவில்லையென்றால் மற்றவற்றைக் கேட்கலாம். சோதனைக் காலம் முடிந்ததும் சம்பளம் மறுபரிசீலனை செய்யப்படுமா? பயிற்சிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா? ஜும்ஆவுக்குச் சென்றுவர இடைவேளை போதுமா? ஒப்புக்கொண்டதைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். வாய்வார்த்தை சொன்ன மேலாளர் அடுத்த மாதம் வேறிடம் மாறிப் போகலாம்.

ஐந்தாவது, பொய் கூடவே கூடாது. இல்லாத வேறு வேலையை இருப்பதாகச் சொல்வதும், பழைய சம்பளச் சீட்டைத் திருத்திக் காட்டுவதும் அமானத்தைக் கெடுக்கும் செயல்கள். பழைய சம்பளத்தைச் சொல்ல மனமில்லையானால், இந்த வேலைக்குரிய சம்பளத்தைப் பேசுவோம் என்று பணிவுடன் சொல்லிவிடலாம். உடன்பட்டு வாக்குக் கொடுத்தபின் மேலும் கேட்பதும் முறையன்று. புதிய வேலையின் கடிதத்தில் எல்லாம் முடிவாகும்வரை பழைய வேலைக்கு ராஜினாமா கொடுத்துவிடலாகாது.

கேட்டதனால் வேலையே போய்விடுமோ என்ற அச்சம் முற்றிலும் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். பணிவாக ஒருமுறை கேட்டதற்காகக் கடிதத்தைத் திரும்பப் பெறுவோர் அரிது; ஆயினும் இல்லாமலில்லை. ஆகையால் கேட்பதற்கு முன்பே, மறுத்தால் என்ன செய்வது என்று வீட்டாருடன் ஆலோசித்து முடிவு செய்துகொள்ள வேண்டும். வேறு வழியில்லாத குடும்பத்துப் பிள்ளை, கொடுத்த தொகைக்கே கையெழுத்திடலாம், அதில் இழிவில்லை. தெரிந்து ஏற்பது வேறு, தெரியாமல் ஏமாறுவது வேறு.

முதலாளிமாருக்கு ஒரு சொல்

இப்பத்திரிகையை வாசிப்போரில் கடை முதலாளிகளும் பலர். ரொட்டி போடுபவரானாலும், தண்ணீர் கலக்குபவரானாலும், கணக்கெழுதும் உறவினர் மகனானாலும், முதல் நாளிலேயே சம்பளத்தைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். உணவும் தங்குமிடமும் கொடுப்பது நற்காரியமே. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவற்றின் மதிப்பு சம்பளத்தில் சேராது. அவற்றைக் காட்டி 1,700 வெள்ளிக்குக் கீழே இறக்க இயலாது. பையன் சம்பளம் கேட்டால் அவனை நன்றி கெட்டவன் என்று எண்ணாதீர்கள். முதல் நாள் கேட்காதவன் மூன்றாம் மாதம் சொல்லாமல் ஓடிப்போனால் நஷ்டம் உங்களுக்கும்தான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் கடிதம் வந்தால், வாயை மூடு என்று சொல்வதற்குப் பதிலாக, கணக்குத் தெரிந்த ஒரு பெரியவருடன் அமர்ந்து அக்கடிதத்தை வரிவரியாக வாசியுங்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், சோதனைக் காலம், விடுமுறை, விலகும் தவணை ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடிதத்தில் விடுபட்டது எதுவோ, அதுவே பிள்ளை முதலில் கேட்க வேண்டியது. அதன்பின் பிஸ்மி சொல்லிக் கையெழுத்திடட்டும்.