முதல் ஃபஸ் பெடல்: எதைத் தேர்வது?

ஃபஸ் என்றதும் மாரிக்குப்பம் போகும் பஸ்ஸை எவரும் நினைத்துவிட வேண்டாம். மின்கித்தாரின் ஒலியைக் கரகரப்பாக்கி, நீண்டு முழங்கச் செய்யும் சிறு பெட்டி ஒன்றுக்கு அப்பெயர் வழங்குகிறது. கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் கிடக்கும். காலால் மிதித்தால் வேலை செய்யும். ஆதலின் அதைப் பெடல் என்கிறோம். தங்கவயலிலிருந்து வந்து படிக்கும் நண்பர் சிலர், பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் எதை வாங்கலாம் என்று கேட்கின்றனர். ஒரு பெட்டி சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டால் பல மாத உழைப்பு அலமாரியில் உறங்கும். பெற்றோரிடம் மறுபடி கேட்கவும் வாய் வராது. ஆகவே இக்கேள்வியைச் சற்று ஆர அமர ஆராய்வோம்.

இந்த ஒலி பிறந்ததே ஒரு பழுதினால்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளிவந்த ‘டோண்ட் வொர்ரி’ என்னும் பாட்டைப் பதிவு செய்கையில், ஒலிப்பதிவு மேசையின் ஒரு பகுதி கெட்டுப்போக, கிரேடி மார்ட்டின் வாசித்த தந்தியின் நாதம் கிழிபட்டு வந்தது. அதை நீக்காமல் இசைத்தட்டில் அப்படியே விட்டனர். கேட்டவர்கள் அதையே விரும்பினர்! பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்த ஒலியை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு உண்டாக்க முனைந்தார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதனை மேஸ்ட்ரோ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகே அதன் புகழ் எங்கும் பரவியது.

பெட்டிக்குள் நிகழ்வது யாது? தந்தியின் அதிர்வு வளைந்து வளைந்து ஏறி இறங்கும் ஓர் அலை. டிரான்சிஸ்டர் அதனைத் தன் சக்திக்கு மீறிப் பெருக்க முயல்கிறது. இயலாமல் போகவே, அலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் தட்டையாக வெட்டுப்படுகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையில், முன்பு இல்லாத மேற்சுரங்கள் பல வந்து சேர்கின்றன. தம்புராவின் குதிரையில் ஜீவா என்னும் நூலைச் செருகினால் நாதம் ரீங்கரித்து விரிகிறதல்லவா? காதுக்குக் கிடைக்கும் இன்பத்தில் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. ஆனால் ஒரு பெரிய வேற்றுமையும் உண்டு. வாங்கும் முன் அறியவேண்டியது அந்த வேற்றுமையைத்தான்.

தம்புராவில் ஒவ்வொரு தந்தியும் தன் ஜீவாவைத் தனியே பெற்றிருக்கிறது. ஃபஸ் பெட்டியிலோ ஆறு தந்திகளும் ஒரே வாசலில் நெருக்கியடித்து நுழைகின்றன. இரு சுரங்கள் ஒன்றாய் நுழைந்தால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வுகள் பிறக்கும். வினாடிக்கு 200 அதிர்வுள்ள சட்ஜமத்தையும் 300 அதிர்வுள்ள பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டுங்கள். வேற்றுமை 100, அது சட்ஜமத்தின் கீழ் ஸ்தாயி. எனவே ஒலி கனத்து, கம்பீரமாய் நிற்கிறது. இனி, சட்ஜமத்தோடு அந்தர காந்தாரத்தைச் சேர்ப்போம். சுத்தமான காந்தாரம் 250, வேற்றுமை 50, அதுவும் சட்ஜமமே. ஆனால் கித்தாரின் மெட்டுகள் சமப் பகுப்பில் அமைந்தவை. அங்கே காந்தாரம் 252-இல் விழுகிறது. வேற்றுமை 52 ஆகிவிடுகிறது. இரண்டுதானே என்று எண்ணற்க! 50-க்கும் 52-க்கும் இடையில் உள்ள பிசகு, அரைச்சுர இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு. அடியில் ஒருவர் சுருதி விட்டுப் பாடுவது போல் அது உறுமும். பஞ்சமத்திலும் சமப் பகுப்பின் பிசகு உண்டு. 300-க்குப் பதில் 299.7 என்ற அளவில் இருப்பதால் காது அதை மன்னித்துவிடுகிறது.

தேவாலயப் பாடல்களுக்கு முழு ஸ்வரக்கட்டுகளாய் வாசித்துப் பழகிய நண்பர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஃபஸ் ஒற்றைத் தந்திக்கும், சட்ஜம பஞ்சம இணைப்புக்கும் உரியது. முழுக்கட்டுகளே உங்கள் வாசிப்பு எனின், இந்தப் பெட்டியே உங்களுக்கு வேண்டாம். மென்மையாய் வெட்டும் ஓவர்டிரைவ் பெட்டியை நாடுங்கள். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

அடுத்து, ஜெர்மானியமா சிலிக்கனா என்னும் வழக்கு. தொடக்க காலப் பெட்டிகள் ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களால் ஆனவை. நம் பெங்களூர் ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் 1962 முதல் ஜெர்மானியக் கருவிகளைச் செய்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஜெர்மானியத்தின் ஒலி இனியது என்று வெளிநாட்டார் விலையை ஏற்றிவைத்திருக்கின்றனர். இனியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குச் சூடு ஆகாது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. டிசம்பர் மாதத்து இரவில் 16 டிகிரியில் நன்றாய்ப் பாடிய பெட்டி, ஏப்ரல் பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் 36 டிகிரியில் நான்கு மடங்கு கசிவுடன் திணறும். கிறிஸ்துமஸுக்கு ஒரு குரல், கோடைக்கு ஒரு குரல்! முதல் பெட்டி வாங்குபவருக்கு இந்தத் தொல்லை எதற்கு? சிலிக்கனே போதும் என்பது என் முடிவு. அதன் ஒலி சற்றுக் கூர்மையானது. கித்தாரின் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் அக்கூர்மை தணியும்.

சிலிக்கனிலும் இரு குடும்பங்கள் உண்டு. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வட்டத் தட்டுப்போல் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், இரண்டே டிரான்சிஸ்டர் கொண்டது. முதலில் ஜெர்மானியத்தில் வந்து, சில ஆண்டுகளில் சிலிக்கனுக்கு மாறியது. நியூயார்க்கின் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1960-களின் இறுதியில் கொண்டுவந்த பிக் மஃப், நான்கு டிரான்சிஸ்டர் கொண்டது. ஒலியின் நிறத்தை மாற்ற ஒரு குமிழும் உண்டு. இன்று கடையில் காணும் பெட்டிகளிற் பல இவ்விரண்டின் பிள்ளைகளே.

இவற்றுள் எது நல்லது என்று கேட்பதைவிட, எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்பதே முறை. ஃபஸ் ஃபேஸ் வகை, உரக்க முழங்கும் ஒலிபெருக்கியை வேண்டும். சிறிய ஒலிபெருக்கியில் மெல்ல வைத்தால் தகர டப்பாவில் வண்டு புகுந்தது போலிருக்கும். தங்கவயலின் லைன் வீடுகளில், ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் உறங்குகிறது; இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்குகிறார். அங்கே பழகுவோருக்கு மஃப் வகையே ஏற்றது. தாழ்ந்த ஒலியிலும் அது நிறைவாய்ப் பாடும். ஆயின், மஃப் நடுச்சுரப் பகுதியைக் குழியாக்கிவிடும். டிரம்மும் பேஸும் சேர்ந்த குழுவில் உங்கள் கித்தார் எங்கே போயிற்று என்று தேட நேரும். குழுவில் இடம் கிடைத்தவர் ஃபஸ் ஃபேஸ் பக்கம் செல்க.

ஃபஸ் ஃபேஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. கித்தாரின் காந்தச் சுருளை அது தன் மின்சுற்றின் உறுப்பாகவே ஆக்கிக்கொள்கிறது. அதனாற்றான் கித்தாரின் குமிழைச் சிறிது குறைத்தாலே கரகரப்பு விலகித் தெளிந்த நாதம் தோன்றுகிறது. இடையில் வேறு பெடலை வைத்தால் இவ்வுறவு அறுபடக்கூடும். கித்தாரை அடுத்து முதலில் அதையே வையுங்கள்.

பழைய முறையில் செய்த சில பெட்டிகளில் மின்கலத்தின் நேர்முனை உறையோடு இணைந்திருக்கும். அவற்றையும் ஏனைய பெடல்களையும் ஒரே அடாப்டரில் மாட்டினால் குறுக்குமின்னோட்டம் ஏற்பட்டு அடாப்டர் பாழாகும். வாங்குமுன் கேட்டறிக. 9 வோல்ட் மின்கலமே இவற்றுக்கு நெடுநாள் வரும்.

பணம் குறைவு எனின் வருந்தற்க. இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ்ஸுக்கு வேண்டிய உறுப்புகள் பதினைந்துக்கு மேற்படா. காலை ரயிலில் பெங்களூர் சென்று எஸ்.பி. ரோடில் தேடினால், பி.சி.108 அல்லது பி.சி.109 என்ற எண்ணுள்ள சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள், மின்தடைகள், மின்தேக்கிகள் ஆகியவை சில நூறு ரூபாயில் அடங்கும். பற்றவைக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் நம் ஆய்வுக்கூடத்தில் கிடைக்காமலா போவார்?

கடையிலேயே வாங்குவதானால், உங்கள் கித்தாரைத் தோளில் சுமந்து செல்லுங்கள். கடையில் தொங்கும் உயர்ந்த கித்தாரில் கேட்டு மயங்காதீர்கள். தடித்த தந்தியில் சட்ஜம பஞ்சமத்தை மீட்டி, அது தேய்ந்து அடங்கும்வரை காத்திருங்கள். சீராய்த் தேயாமல் விக்கி விக்கி அறுந்தால் டிரான்சிஸ்டரின் நிலையழுத்தம் சரியில்லை என்று பொருள். சிலர் அந்த விக்கலையே விரும்பி வாங்குவர். முதல் பெட்டிக்கு அது வேண்டாம். பின் கித்தாரின் குமிழைப் பாதியாக்கி மறுபடி மீட்டுங்கள். கடைசியாக, நீங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு ஒலிபெருக்கியைத் தாழ்த்தச் சொல்லி, அதே சுரங்களை இன்னொரு முறை கேளுங்கள்.