இன்டரப்டை நகர்த்தினால் மெமரி கூடவே வராது

யாங்கோனில் சர்வர் பார்ப்பவர்கள் வாயில் ஓயாமல் கேட்கும் வைத்தியம் இது: இரண்டு சாக்கெட் மெஷினில் நெட்வொர்க் திணறினால், நெட்வொர்க் கார்டின் இன்டரப்டைச் சும்மா இருக்கும் கோருக்குத் தள்ளு, மெமரி எங்கிருந்தால் என்ன, எல்லாம் ஒரே பெட்டிதானே! ஒரு காலத்தில் இது சரியாகவே இருந்தது. பழைய ஸியான்களில் மெமரி கன்ட்ரோலர் தனிச் சிப்பில் இருந்ததால் எல்லா கோருக்கும் தூரம் ஒன்றுதான். ஏஎம்டி 2003-இல் ஆப்டெரானிலும், இன்டெல் 2009-இல் ஸியான் 5500 வரிசையிலும் அதைப் பிராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சொந்த மெமரி; இரண்டும் சேர்ந்தது ஒரு நோட். பக்கத்துச் சாக்கெட்டின் மெமரி வேண்டுமானால் நடுவில் உள்ள இணைப்பைத் தாண்ட வேண்டும். மெஷின் மாறி இத்தனை ஆண்டுகள் ஆகியும் வைத்தியம் மட்டும் மாறவில்லை.

லினக்ஸில் இன்டரப்டின் அஃபினிட்டியை மாற்றும்போது நடப்பது ஒன்றே ஒன்று: இன்டரப்ட் போய்ச் சேரும் கோர் மாறுகிறது. கார்டை எழுப்பியபோது டிரைவர் மெமரியில் ஒதுக்கிய ரிங் (பாக்கெட்டுகளுக்கான வட்ட வரிசை) இருந்த நோடிலேயே கிடக்கும். இன்டரப்ட் விவரத்தையே நோட் விட்டு நோட் தூக்கிச் செல்லும் நிரல் ஒன்று கெர்னலில் இருந்தது. 2010-இல் கெர்னல் நிரலாளர் தாமஸ் கிளைக்ஸ்னர் அதைக் களைந்தார். இப்போது ஒதுக்கும்போதே நோடைச் சொல்லிவிட வேண்டும். சில டிரைவர்கள் பாக்கெட் பஃபரைப் புது கோரின் பக்கம் எடுக்கின்றன என்பார்கள். எடுக்கட்டும், அப்போது கார்டு இணைப்பைத் தாண்டி எழுதும். சுமை தோள் மாறுகிறது, இறங்கவில்லை. 10 கிகாபிட்டில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 1.488 கோடி வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோசெகண்ட். தூரத்து மெமரியை ஒருமுறை தொட்டாலே 100-ஐத் தாண்டிவிடுகிறது.

கெர்னல் பாக்கெட்டுகளைக் கொத்தாக எடுப்பதால் ஒவ்வொன்றுக்கும் இந்தச் செலவு விழாது என்பது நியாயமான மறுப்பு. 1,500 பைட் பாக்கெட்டுக்கு 1,200 நானோசெகண்டுக்கு மேல் கிடைக்கும். 1 கிகாபிட்டில் ஃபைல் பரிமாறும் அலுவலகத்துக்கு இந்தக் கவலையே வேண்டாம். அடி விழுவது டிஎன்எஸ், ஃபயர்வால், இணையக் குரல் அழைப்பு போன்ற சின்னப் பாக்கெட் வேலைகளில். அங்கேதான் இந்த வைத்தியத்தையும் செய்கிறார்கள்.

மற்றவை சில்லறை. "ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடுகிறது, அது பார்த்துக்கொள்ளும்": நோடைப் பார்த்துத்தான் பங்கிடும், ஆனால் பயாஸ் நோடைச் சொல்லாவிட்டால் அதற்கும் கண் தெரியாது. "பயாஸில் இன்டர்லீவ் போட்டு மெமரியை இரு நோடிலும் மாறி மாறிப் பரப்பினால் சமம்": சமம்தான், எல்லாருக்கும் சமமான தாமதம். "ரேம் கூட்டு": தூரத்து மெமரி கூடினால் யாருக்கு லாபம்?

இத்தனையும் எதற்கு என்றும் கேட்க வேண்டும். கரன்ட் போய்ப் போய் வரும் இந்த ஊரில், ஜெனரேட்டர் டீசலைக் குடித்துக்கொண்டு இரண்டாவது சாக்கெட் பாதி நேரம் சும்மா சுடுகிறது. பெரும்பாலான அலுவலகங்களுக்கு நிறையக் கோர் கொண்ட ஒற்றைச் சாக்கெட்டே போதும். இரண்டு சாக்கெட் ஏற்கெனவே வாங்கியாயிற்றா? எதையும் நகர்த்துமுன் சிஸ் அடைவில் அந்த நெட்வொர்க் கார்டின் கீழ் இருக்கும் நூமா_நோட் கோப்பைத் திறந்து பாருங்கள். 0 அல்லது 1 என்றிருந்தால் இன்டரப்டையும் அதைக் கையாளும் நிரலையும் அதே நோடில் கட்டுங்கள். -1 என்றிருந்தால் முதலில் பயாஸைச் சரிசெய்யுங்கள்.